எதை விடுது எண்டு பாப்பம்

அக்காவோடு தொலைபேசியில் பேசினால் நாம்தான் முதலில் துண்டிக்க வேண்டும். அவர் செய்யமாட்டார். "சரி பிள்ளை, வைக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பார். இது தெரியாத காலத்தில் ஒருநாள், துண்டிக்க மறந்து போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, சனிக்கிழமை அக்கா வரச் சொல்கிறார், இந்த மழையில் யார் போவது என்று கணவரிடம் சலித்துக்கொண்டேன். சனிக்கிழமை போய் மணியடித்ததும் கதவைத் திறந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "மழை எண்டால் வராமல் விட்டிருக்கலாமே." முகத்தில் கோபம் இல்லை. தேடிக்கொண்டிருந்த ஒன்று கையில் அகப்பட்டுவிட்டவரின் நிம்மதிதான் இருந்தது.

அவருக்குப் பெயர் உண்டு. இங்கே எழுதினால், ஆர் உம்மை எழுதச் சொன்னது என்று கேட்பார். அக்கா என்றே இருக்கட்டும். அவரை அறிந்த எல்லோருக்குமே அவர் அக்காதான்.

நான் திருச்சியிலிருந்து வேலைக்காக லண்டன் வந்தவள். ஒரு வங்கிக்கு மென்பொருள் சோதனை செய்யும் வேலை. அதாவது பிறர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது. மனோர் பார்க்கில் குடியிருந்தோம். கார் ஓட்டப் பழகியது குகன் அண்ணையிடம். ஈஸ்ட் ஹாம், மனோர் பார்க் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பலருக்கும் அவர்தான் பழக்கியவர். ரவுண்டபவுட் என்கிற வட்டச் சந்தி வந்தால் பயத்தில் நான் வாய்க்குள் பாட ஆரம்பித்துவிடுவேன். அதைக் கேட்டுவிட்டு அவர், எங்கள் இசைக்குழுவுக்கு ஒரு பெண் குரல் வேண்டும், வந்து பாரும் என்றார். அவர் கிட்டார். இன்னொருவர் ரிதம் பேட். அக்கா கீபோர்ட். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, அறுபதாவது பிறந்தநாள் என்று மாதத்தில் ஓரிரு மேடைகள் கிடைக்கும். ஒத்திகை ஃபாரஸ்ட் கேட்டில் அக்காவின் பிளாட்டில்.

முதல் நாள் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மை ஆர் அனுப்பினது?"

குகன் அண்ணை பக்கத்தில்தான் நின்றார். "அண்ணாதான் கூட்டிட்டு வந்தார்" என்றேன்.

"அது தெரியுது. அவருக்கு ஆர் சொன்னது?"

பிறகு ஒரு வரி பாடச் சொன்னார். கடைசிச் சுரத்தை முடிந்தவரை நீட்டச் சொன்னார். நீட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூச்சு முடிந்து விட்டீரா, அலுத்துப்போய் விட்டீரா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அலுத்துப்போய்த்தான் விட்டிருந்தேன். சொன்னேன். அடுத்த கிழமையும் வரச் சொன்னார். குகன் அண்ணை வெளியே வந்து, பரவாயில்லை, உம்மை அவவுக்குப் பிடிச்சிட்டுது என்றார். எதை வைத்துச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்காவுக்கு ஒரு கவுன்சில் அலுவலகத்தில் வேலை. கார் நிறுத்தியதற்கு அபராதம் விழுந்தவர்கள், தங்கள் மேல் பிழையில்லை என்று எழுதி அனுப்புவதையெல்லாம் படித்து முடிவு சொல்லும் பிரிவு. மனைவிக்குத் திடீரென்று பிரசவ நோ கண்டது, அறிவிப்புப் பலகையை மரக்கிளை மறைத்துவிட்டது, இயந்திரம் காசை விழுங்கிவிட்டது. ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ கதைகள். வேலையால் அவருக்குச் சந்தேகம் வந்ததா, சந்தேகம் இருந்ததால் அந்த வேலை கிடைத்ததா என்று நானும் குகன் அண்ணையும் பேசிச் சிரித்திருக்கிறோம்.

முருகன் கோயிலுக்கு என்னோடு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றி, ஒன்றை அடுக்கில் வைத்துவிட்டு மற்றதைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போவார். இரண்டையும் பைக்குள் வைத்தால் பாரம், இரண்டையும் வெளியே விட்டால் பயம், ஒற்றைச் செருப்பைக் களவெடுக்க ஆருக்கு விசர் என்பது அவருடைய கணக்கு. கும்பிடும்போதும் ஒரு கண் பாதி திறந்துதான் இருக்கும்.

அவர் கணவரைப் பற்றி நான் மூன்று கதைகள் கேட்டேன். மூன்றும் மூன்று விதம். லண்டனுக்கு வருமுன் அவர்கள் டென்மார்க்கில் இருந்தார்கள் என்பது மட்டும் மூன்றிலும் பொது. ஒருநாள் நானே கேட்டேன். "அந்தாள் அங்கதான் இருக்கிறார். ஒவ்வொரு வருசப் பிறப்புக்கும் போன் எடுத்து, நல்லா இருக்கிறன் எண்டு சொல்லுவார்" என்றார். பிறகு, "ஏன் சொல்லுறார் எண்டு தெரியேல்லை" என்றார்.

டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்த அவருடைய பழைய கீபோர்ட் ஒரு கோடைக்காலத்தின் தொடக்கத்தில் பழுதாகிவிட்டது. திருத்துகிறவர்கள் கைவிரித்தார்கள். கல்யாண மாதங்கள் வரிசையாக வருகின்றன. குகன் அண்ணை லாப்டாப்பில் ஓடும் சாஃப்ட்வேர் சிந்தசைசருக்கு மாறலாம் என்றார். வாத்தியத்தின் சத்தம் முழுவதும் லாப்டாப்புக்குள் இருக்கும். வெறும் கட்டைகள் மட்டுமுள்ள ஒரு கீபோர்டைக் கேபிளில் மாட்டிவிட்டு வாசிக்கலாம். அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. லாப்டாப் மேடைக்கு வந்தால், அதிலேயே பாட்டை முன்கூட்டிப் பதிந்து ஓடவிடலாம். பிறகு வாசிக்க ஆள் எதற்கு என்பது அவருடைய யோசனை. அதைக் குகன் அண்ணையிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். எந்தச் சாஃப்ட்வேர் என்பதைத் தானே சோதித்துத்தான் தெரிவுசெய்வேன் என்று மட்டும் அவரிடம் சொன்னார்.

அப்படித்தான் சில சனிக்கிழமை மத்தியானங்கள் நானும் அக்காவும் அந்தப் பிளாட்டில் உட்கார்ந்து சிந்தசைசர்களைப் பரிசோதித்தோம். இலவசமாகச் சில நாள் பாவிக்கக் கிடைக்கும் மூன்றை நான் லாப்டாப்பில் ஏற்றினேன். அவருக்கு அழகான சத்தமா, எத்தனை விதமான சத்தம் என்பதெல்லாம் முக்கியமில்லை. இரண்டே கேள்விகள்தான். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது? ஒரே நேரத்தில் எத்தனை சுரங்களை அது தாங்குகிறது? முதலாவதைச் சஸ்டெய்ன் என்பார்கள், இரண்டாவதைப் பாலிபொனி என்பார்கள். அக்கா அந்தப் பெயர்களைச் சொல்லமாட்டார். "எவ்வளவு நேரம் நிக்குது, எத்தினை பேரைத் தாங்குது" என்பார்.

முதலாவதில் ஒரு வயலின் கூட்டத்தின் சத்தத்தை எடுத்துக் கீழ் சட்ஜமத்தை அழுத்தினார். அழுத்தியவர் விரலை எடுக்கவே இல்லை. வானத்தில் சிட்டி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று போனது. அது போகும்வரை மூக்கைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு எழுந்து போகாமலே என்னைப் பார்த்து, ஃப்ரிட்ஜை நிறுத்தச் சொன்னார். அதன் இரைச்சலில் சுரத்தின் கடைசி கேட்கவில்லையாம். நிறுத்தினேன். அறை அமைதியானது. சுரம் நின்றுகொண்டே இருந்தது. எனக்கு ஆச்சரியம். நல்லா நிக்குதே அக்கா என்றேன்.

"நிக்கேல்லை பிள்ளை. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுது."

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். உண்மைதான். பதிவுசெய்த ஒரு சின்னத் துண்டு முடிந்து முடிந்து மறுபடி ஓடியது. ஒட்டிய இடத்தில் தூசி விழுந்ததுபோல் ஓர் அசைவு. ஒருமுறை கேட்ட பிறகு என் காதுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. அன்று ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட இருவரும் மறந்துவிட்டோம். மறுநாள் போனில், மீன் முழுக்கப் போச்சு, வேணுமெண்டே மறந்தனீரோ என்று விசாரித்தார்.

இரண்டாவதில் அப்படி ஒட்டு எதுவும் இல்லை. சுரம் இயல்பாகத் தேய்ந்து ஓய்ந்தது. ஆனால் மிகச் சீக்கிரம். நேர்மையான சாமான், ஆனால் உதவாது என்று ஒதுக்கினார். மூன்றாவது நன்றாக நின்றது, ஒட்டும் இல்லை. ஒரே நேரத்தில் ஏராளமான சுரங்களைத் தாங்கும் என்று அதன் விளம்பரத்தில் பெரிய எண் ஒன்று போட்டிருந்தார்கள். அக்கா அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பெடலைக் காலால் மிதித்தார். பெடல் மிதிபட்டிருக்கும்வரை, அழுத்திய சுரம் எதுவும் கையை எடுத்தாலும் நிற்காது. இடது கையால் கீழ் சட்ஜமத்தை அடித்தார். வலது கையால் ஒவ்வொன்றாக மேலே சேர்க்கத் தொடங்கினார்.

"எதை விடுது எண்டு பாப்பம்" என்றார்.

சுரங்கள் குவிந்துகொண்டே போயின. அறை நிறைந்தது. ஓர் இடத்தில், எந்தச் சத்தமும் போடாமல், கீழ் சட்ஜமம் இல்லாமல் போயிற்று. மேலே இத்தனை இருந்ததால் நான் முதலில் கவனிக்கவில்லை. அக்கா காலை எடுத்தார்.

"கண்டீரோ? புதுசுக்கு இடம் இல்லையெண்டால் முதல் வந்ததைத்தான் கலைக்குது."

விளம்பரத்தில் சொன்ன எண்ணுக்கு நாங்கள் கிட்டவும் போயிருக்கவில்லை. நான் கையேட்டைத் தேடிப் படித்துக் காரணத்தைச் சொன்னேன். அந்தச் சத்தம் நான்கு சத்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது. அதனால் ஒரு கட்டையை அழுத்தினால் அது நான்காகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அப்படியென்றால் அதை விளம்பரத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்டார். எல்லையை நாமே கூட்டலாம் குறைக்கலாம் என்று அந்த இடத்தைக் காட்டினேன். கூட்டினால் லாப்டாப் திணறிக் கரகரத்தது. குறைத்தால் சுரங்கள் விழுந்தன. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பிடித்தோம். எது விழுந்தாலும் ஆகக் கீழே உள்ள சுரத்தை விடாதே என்று சொல்லிவைக்கவும் அதில் ஒரு தெரிவு இருந்தது. அதையும் போட்டுவிட்டேன். அக்கா பழையபடி குவித்துப் பார்த்தார். கீழ் சட்ஜமம் அசையவில்லை. அவர் திருப்தியானதை நான் பார்த்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று.

குகன் அண்ணையும் வந்து பார்த்தார். எல்லை எங்கே இருக்கிறது, எப்படி மாற்றுவது என்று அவருக்கும் காட்டிக்கொடுத்தேன். ஆக அது தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்.

அடுத்த கிழமை ஒத்திகை முடிந்து காரில் போகும்போது குகன் அண்ணை என்னிடம் ஒன்று கேட்டார். பாட்டுகளை அந்த லாப்டாப்பிலேயே பதிந்து வைத்திருக்க ஏலுமோ, ஓர் அவசரத்துக்கு. முடியும் என்றேன். அதை அக்கா எப்படி மோப்பம் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரமே, குகன் உம்மட்ட ஏதும் கேட்டவரோ என்றார். எனக்கு அவரிடம் பொய் சொல்ல வராது. சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். தேத்தண்ணி போட எழுந்து போனார். அவ்வளவுதான்.

இல்ஃபோர்டில் ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது பாட வேண்டிய பாட்டு மெதுவானது. தாளம் கிடையாது. கீழே அக்காவின் நீண்ட ஒற்றைச் சுரம், அதன்மேல் அவர் வலது கை மெல்லச் சேர்க்கும் சில சுரங்கள், அவற்றின்மேல் என் குரல். கதவு திறந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெண்ணின் தாய் அழத் தொடங்கிவிட்டார். நான் இரண்டாவது வரிக்குப் போனேன். அப்போது காலுக்கடியில் இருந்தது போய்விட்டது. கீழ்ச் சுரம் இல்லை. அக்கா மறுபடி அடித்தார். வந்தது, வலது கை சேர்ந்ததும் போனது. நான் பிடிமானம் இல்லாமல் மேலே ஏறிவிட்டேன். அக்காவின் சுரம் திரும்பி வந்தபோது என் குரலும் அதுவும் ஒன்றோடொன்று மோதின. மாப்பிள்ளை திரும்பி மேடையைப் பார்த்தார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பெண்ணின் தகப்பன் மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குகன் அண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குகன் அண்ணை கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"ஐயா, என்ர பிழை. லாப்டாப்பை நான் வடிவாப் பாத்திருக்கவேணும். குறை நினைக்காதையுங்கோ."

பிறகு மைக்கிலும் அதையே சொன்னார். உடனே ஒரு வேகமான பாட்டை எடுத்து எல்லோரையும் கைதட்ட வைத்தார். மண்டபம் அதை மறந்தது. நான் மறக்கவில்லை. இடைவேளையில் லாப்டாப்பைத் திறந்து பார்த்தேன். சுரங்களின் எல்லை எட்டு என்று இருந்தது, அதாவது இரண்டு கட்டைகளுக்குத்தான் இடம். கீழ்ச் சுரத்தை விடாதே என்ற தெரிவும் எடுக்கப்பட்டிருந்தது. தானாக மாறக்கூடிய விஷயங்கள் அல்ல அவை. ஒருவர் போய், தேடி, இரண்டு இடங்களில் மாற்றியிருக்க வேண்டும்.

திரும்பும்போது காரில் குகன் அண்ணையிடம் சொன்னேன், யாரோ செட்டிங்கை மாற்றியிருக்கிறார்கள் என்று. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "அதை விடும் பிள்ளை" என்றார். நான் விடவில்லை. மறுபடி கேட்டேன். நோர்த் சர்க்குலர் ரோட்டில் நடக்கும் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. பாட்டைப் பதிந்து வைக்கலாமா என்று கேட்டவர் அவர். அன்று மேடையில் சத்தம் சரிபார்க்க லாப்டாப்பைத் திறந்தவரும் அவர். கேட்டால் பேச்சை மாற்றுகிறவரும் அவர்தான். அக்காவை எல்லோர் முன்னாலும் குழறவைத்து, பிறகு பெருந்தன்மையாகப் பழியை ஏற்று, அடுத்த மாதம் வாசிக்க ஆள் வேண்டாம் என்று சொல்லப்போகிறார். எல்லாம் பொருந்தியது. கார்க் கண்ணாடியில் என் பக்கமாக அவர் அடிக்கடி பார்த்ததுகூடப் பொருந்தியது. இத்தனை நாள் அக்காவைப் பார்த்துச் சிரித்தோமே, அவர் சரியாகத்தான் கணித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை போனேன். அக்கா தேத்தண்ணி தந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் கோப்பையை மேசையில் வைத்தார்.

"நான்தான் மாத்தினனான்."

எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னார். காலையில் லாப்டாப்பைக் காரில் ஏற்றுவதற்கு முன்னால், தன் பிளாட்டிலேயே மாற்றிவிட்டாராம்.

"எதுக்குக்கா?"

"பிழைச்சால் அவர் என்ன செய்யிறார் எண்டு பாக்கத்தான். பழியை என்னில போடுவார், போட்டிட்டு என்னை நிப்பாட்டுவார் எண்டு இருந்தனான்."

"அது என் பாட்டுக்கா. அந்தப் பொண்ணோட கல்யாணம்."

"தெரியும்."

மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. வழக்கமான குரல் இல்லை.

"அவர் போடேல்லைப் பிள்ளை. ஏன் போடேல்லை எண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்."

அதை அவரிடமே போய்க் கேளுங்கள் என்றேன். நீங்கள் கேட்காவிட்டால் நான் இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்றேன். நான் சொன்னதைச் செய்வேன் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோட்டைப் போட்டுக்கொண்டார். பஸ் பிடித்து மனோர் பார்க் போனோம்.

குகன் அண்ணை வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா நடைபாதையில் நின்றபடியே, வணக்கம்கூடச் சொல்லாமல், லாப்டாப்பில் எல்லையைக் குறைத்தது தான்தான் என்றார். குகன் அண்ணை குழாயை நிறுத்தினார்.

"கண்டனான் அக்கா."

"எப்ப?"

"தொடங்க முதலே. சத்தம் பாக்கத் திறக்கேக்க."

"கண்டிட்டு ஏன் மாத்தேல்லை?"

"நீங்கள் வைச்சதெண்டு விட்டனான். ஏதோ காரணம் இருக்கும் எண்டு நினைச்சன்."

"ஏன் கேக்கேல்லை?"

"வாசிக்கிறது நீங்கள். நான் என்னத்தைக் கேக்கிறது?"

அக்கா அடுத்ததைக் கேட்டார். பாட்டுகளைப் பதிந்து வைக்க எதற்குக் கேட்டீர்? குகன் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டே, மணிக்கட்டு நோகிறது என்று வைகாசியில் நீங்கள்தானே சொன்னீர்கள், ஒருநாள் ஏலாமல் போனால் உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று கேட்டேன் என்றார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில், வீடு நெருங்கும்போது அக்கா சொன்னார்.

"குகன் சொன்னது உண்மை எண்டால் இனி நான் அவரின்ர முகத்தைப் பாக்கேலாது. பொய் எண்டால் பாக்கத் தேவையில்லை."

அடுத்த ஒத்திகைக்கு அவர் ஆட்களை அழைக்கவில்லை. குகன் அண்ணை இரண்டு முறை போனில் பேசினார், ஒருமுறை நேரிலும் போனார். மணிக்கட்டு நோ என்று அக்கா சொல்லிவிட்டார். கைவசம் வேறு ஆள் இல்லை, ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் இருந்தன. பதிந்த பாட்டுகளை ஓடவிட்டு நான் பாடினேன். அக்கா பயந்தது அப்படியே நடந்தது. நடத்திவைத்தவர் அவர்தான் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பதிந்த இசை என் மூச்சுக்குக் காத்திருக்காது. நான் இழுத்தால் அது போய்க்கொண்டே இருக்கும். மகள் வயிற்றில் வந்ததும் நான் நிறுத்திக்கொண்டேன். குழுவும் மெல்லக் கலைந்தது.

அக்கா வேலையில் ஓய்வு பெற்று லூயிஷாமுக்கு மாறிப் போனதாகக் கேள்விப்பட்டேன். போன வருடம் நான் அங்கே சிவன் கோயிலுக்குப் போயிருந்தபோது, அக்கா பக்கத்துச் சந்தையில் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், ஆர் சொன்னது நான் இங்க வாறனான் எண்டு என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை.

அந்த மாதம் நாங்கள் மனோர் பார்க்கில் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருந்தோம். வீடு புகும் நாளன்று ஒரு பாட்டாவது பாட எனக்கு ஆசை. வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டேன். குகன் அண்ணையையும் அழைத்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தார்.

"ஏன் என்னைக் கேக்கிறீர்?"

"முதல்ல ரெண்டு பேரைக் கேட்டேன்க்கா. ஒருத்தருக்கு அன்னிக்கு வேற புரோகிராம். இன்னொருத்தர் போனே எடுக்கல."

"அப்ப நான் மூண்டாவது ஆள்."

"ஆமாக்கா."

சிரித்தார். "அது உண்மை போலதான் கிடக்கு. வாறன்" என்றார்.

சொன்னபடி, பிறகு வாங்கிய ஒரு கீபோர்டை வாடகை மினிகேப்பில் போட்டுக்கொண்டு வந்தார். நான் பாடினேன், அவர் வாசித்தார். என் மகள் பெடலை மிதிக்கக் கேட்டு அடம்பிடித்தாள். சாப்பாட்டின்போது குகன் அண்ணை தட்டோடு வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் பரிமாறுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். பழையதை இருவரும் எடுக்கவில்லை. எந்தப் பக்கத்தால வந்தனீங்கள் என்று அவர் கேட்டார். பிளாக்வால் சுரங்கப்பாதையால் என்றார் அக்கா. அங்கே எந்த நேரமும் நெரிசல், இப்போது பக்கத்திலேயே புதிதாக இன்னொரு சுரங்கப்பாதை திறந்திருக்கிறார்கள், அதால் போனால் பாதி நேரம்தான் என்றார் அவர். அப்படி இருக்க ஏலாது என்றார் அக்கா. இருபது வருடமாகக் கார் பழக்குகிறேன், எனக்குத் தெரியாதா என்றார் அவர். அக்கா தலையை ஆட்டவில்லை.

"அப்ப வாங்கோ, நானே கொண்டுபோய் விடுறன். பாத்திட்டுச் சொல்லுங்கோ."

அக்கா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். மினிகேப்பைத் திரும்ப வரச் சொல்லியிருந்தார். கை கழுவி வந்ததும் அவர்களுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார்.

வெயில் இன்னும் இருந்தது. குகன் அண்ணை கீபோர்டைப் பின் இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டார். அக்கா முன் இருக்கையில் ஏறி, பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து மாட்டிக்கொண்டார். கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்து, வரைபடத்தைத் திறந்து, அவர் சொன்ன வழியில்தான் போகிறாரா என்று பார்ப்பதற்காக மடியில் வைத்துக்கொண்டார். கார் எங்கள் தெருமுனையில் திரும்பும்வரை அவர் தலை குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.